கல்லில் உரித்த நார்

அத்தை என்ன வேலை பார்த்தவர் என்று டாக்டர் கேட்டதை நான் அத்தையிடம் மொழிபெயர்த்துச் சொல்லக்கூட இல்லை. வேலைக்குப் போகவில்லை, வீட்டைத்தான் பார்த்துக்கொண்டார் என்று நானே பதில் சொல்லிவிட்டேன். அவர் கணினியில் ஒரே ஒரு சொல்லைத் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

"என்ன கேக்குறாரு?" என்றார் அத்தை. சொன்னேன்.

"ஆமா, வீட்டுல சும்மாதான் இருந்தேன்னு சொல்லு."

2018 நவம்பர். அத்தைக்கு 71 வயது. மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அவர் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ற அண்ணன் பிள்ளைகள், நானும் என் தம்பியும், கணக்கில் சேர்த்தி இல்லை. சும்மா இருந்த அந்த ஐம்பது வருடத்தில்தான் நோய்க்கான காரணம் இருந்தது என்று அன்றைக்கு அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

முதலில் மூச்சு வாங்கியது. சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் மீன் கடைக்கும் காய்கறிக் கடைக்கும் நடுவே இரண்டு தடவை நின்றார். வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம், வாயு என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடித்தார். பலதுறை மருந்தகத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. மருத்துவமனையில் முதுகுப் பக்கம் ஊசி போட்டு ஒன்றரை லிட்டர் நீர் எடுத்தார்கள். பாட்டிலில் பார்த்தேன். பால் ஊற்றாத தேநீரில் சொட்டு ரத்தம் கலந்த நிறம்.

காசநோயாக இருக்கலாம் என்றார்கள். இல்லை என்று வந்தது. அந்த நீரில் புற்றுநோய் அணுக்கள் இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். அதுவும் இல்லை என்று வந்தது. நாங்கள் மகிழ்ந்து போய் அத்தை பெயரில் கோயிலில் அர்ச்சனை செய்தோம். பிரசாதம் காய்வதற்குள் நீர் மறுபடி சேர்ந்துவிட்டது.

இதை இப்போது படிப்பவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்: மீசோதெலியோமா என்ற இந்தப் புற்றுநோயில் எடுத்த நீரில் ஒன்றுமில்லை என்று வந்தால் அதை நம்பி நிம்மதி அடைய முடியாது. நீரில் மிதக்கும் அணுக்களை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடிப்பது கடினம், பல சமயம் தப்பிவிடும். விலா எலும்புகளுக்கு நடுவே சின்னத் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையிலிருந்தே சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அத்தைக்கு டிசம்பரில் அதைச் செய்தார்கள்.

முடிவைச் சொல்ல வந்தவர் வேறு டாக்டர். ஐம்பது வயதைத் தாண்டிய சீனப் பெண்மணி. நோயின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் அவரும் வேலையைப் பற்றித்தான் கேட்டார். ஆனால் கேட்ட விதம் வேறு. வீட்டில் யாராவது கப்பல் பட்டறையிலோ, பாய்லர் உள்ள ஆலையிலோ, வண்டிகளுக்கு பிரேக் போடும் இடத்திலோ வேலை பார்த்தார்களா என்று கேட்டார். இந்தத் தடவை நான் ஒழுங்காக மொழிபெயர்த்தேன்.

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்க மாமா ஷிப்யார்டுல லேகிங்ல இருந்தாரே" என்றார்.

எனக்கு அந்தச் சொல்லே தெரியாது. மாமா கப்பலில் வேலை பார்த்தவர் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். டாக்டருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "அவருடைய துணிகளை யார் துவைத்தது?" என்று கேட்டார்.

*

மாமா 1969இல் வேலைக்குச் சேர்ந்தார். பிரிட்டிஷ் படை இங்கிருந்து கிளம்பப் போகிறது என்ற அறிவிப்பு முந்தைய வருடம்தான் வந்திருந்தது. படைத்தளத்தை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வயிற்றில் புளி கரைந்த காலம். கப்பல் பழுதுபார்க்கும் தொழில்தான் அப்போது ஊருக்குப் பெரிய நம்பிக்கை. எந்தப் பட்டறை என்று நான் எழுதப்போவதில்லை. மாமா அங்கே 1984 வரை இருந்தார், ஒரு நாளும் அதைப் பற்றிக் குறை சொன்னதில்லை. அவருடைய பெருமையில் நான் கை வைக்க விரும்பவில்லை.

கப்பலின் எஞ்சின் அறையில் நீராவிக் குழாய்கள் உண்டு. தொட்டால் தோல் உரிந்துவிடும். அவற்றுக்கும் பாய்லருக்கும் வெப்பம் வெளியே போகாமல் கனமான போர்வை போடும் வேலைதான் லேகிங். அந்தக் காலத்துக் கப்பல்களில் போர்வை என்றால் கல்நார். சாக்கில் வரும் தூளைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றிப் பிசைவார்கள். குழாய்மேல் கையால் அப்பி, மேலே துணி சுற்றுவார்கள். பிரிட்டிஷ் பட்டறைகளில் அந்தக் குழம்புக்கு 'குரங்குச் சாணி' என்று பட்டப்பெயர். மாமா 'மாவு' என்பார். மாவு பிசையும் வேலைக்குத்தான் இந்த ஊருக்கு வந்தேன், அதற்கு உன் அத்தையிடமே இருந்திருக்கலாம் என்று கேலி பேசுவார்.

புதிதாக அப்புவதைவிடப் பழையதை உடைத்து எடுப்பதில்தான் தூசி அதிகம். பழுதுபார்க்க வரும் கப்பலில் முதல் வேலையே அதுதான். காய்ந்து இறுகிப்போன உறையைச் சுத்தியலால் தட்டி, கையால் பிய்த்துப் போட வேண்டும். ஜன்னல் இல்லாத எஞ்சின் அறை. பக்கத்தில் வெல்டர் இருப்பார், எலக்ட்ரீஷியன் இருப்பார், பெயின்ட் அடிப்பவர் இருப்பார். அவர்கள் கல்நாரைத் தொடவே மாட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே காற்று.

மாமா மாலையில் தோ பாயோ வீட்டுக்கு வரும்போது நீல பாய்லர் சூட் போட்டிருப்பார். நீலம் தோள்பட்டையிலும் முழங்காலிலும் சாம்பலாகியிருக்கும். சட்டையைக் கழற்றியதும் அத்தை அதை வாங்கிக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போவார். அப்படியே தொட்டியில் ஊறப்போட்டால் தண்ணீர் கஞ்சி மாதிரி ஆகிவிடும், குளியலறை ஓட்டையும் அடைத்துக்கொள்ளும். அதனால் முதலில் உதறுவார். கைப்பிடிச் சுவரில் ஓங்கி நாலு அடி, அப்புறம் இரண்டு கையாலும் காலரைப் பிடித்து ஒரு வீச்சு. ஆறு மணி வெயில் தாழ்வாரத்துக்குள் சாய்வாக விழும் நேரம் அது. அந்த வீச்சில் கிளம்பும் தூசி வெயிலில் மினுமினுத்துக்கொண்டு இறங்கும். நானும் தம்பியும் அதைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு குதித்திருக்கிறோம். பிடித்துவிட்டுக் கையைத் திறந்தால் ஒன்றும் இருக்காது.

அப்புறம் சலவை சோப்பு, பிரஷ், அலசல். மூங்கில் கழியில் கோத்து அடுக்களை ஜன்னலுக்கு வெளியே செருகிவிடுவார். வாரத்துக்கு ஆறு நாள், பதினைந்து வருடம். சும்மா இருந்த அத்தை.

*

'கல்லில் நார் உரிப்பது' என்று நாம் சொல்வோம். கஞ்சனிடம் கடன் கேட்கப் போனவரைப் பற்றி, நடக்காத காரியத்துக்கு மெனக்கெடுபவரைப் பற்றி. ஆஸ்பெஸ்டாசுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு இந்தப் பழமொழி நிச்சயம் ஞாபகம் வந்திருக்கும். இது நார் உரிக்க முடிந்த கல். பூமிக்குள்ளிருந்து எடுத்த பாறையை நகத்தால் கீறினால் பஞ்சு மாதிரிப் பிரியும். நெருப்பு தொடாது, அமிலம் பெரிதாக ஒன்றும் செய்யாது, நூற்கலாம், நெய்யலாம். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு 'அணைக்க முடியாதது' என்று பொருள்.

இது ஒரே கனிமம் இல்லை, இந்தப் பெயரில் ஆறு இருக்கின்றன. தொழிலில் அதிகம் புழங்கியவை மூன்று: வெள்ளை, பழுப்பு, நீலம். வெள்ளை நார் சுருண்டு நெளியும். பழுப்பும் நீலமும் ஊசி மாதிரி நேராக நிற்கும், இந்த நோயைப் பொறுத்தவரை அவை இன்னும் மோசம். ஆனால் வெள்ளைக்கும் நற்சான்றிதழ் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகையையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது.

நம் தலைமுடியின் தடிமனில் எழுபதில் ஒரு பங்குகூட இருக்காது, அவ்வளவு மெல்லிய நார்கள். மூச்சோடு உள்ளே போகின்றன. நுரையீரலில் குப்பையை விழுங்கிச் சுத்தம் செய்யும் அணுக்கள் உண்டு. தூசி, கிருமி எது வந்தாலும் விழுங்கிவிடும். கல்நாரின் நீளம் அந்த அணுவைவிட அதிகம். மூங்கில் கழியை விழுங்கப் பார்த்த பாம்பு மாதிரி பாதியில் நின்றுவிடும். விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல், நாரைக் கரைப்பதற்காகச் சுரக்கும் ரசாயனங்களைச் சுற்றிலும் கசியவிடும். நார் கரைவதில்லை. சுற்றியிருக்கும் திசுதான் புண்ணாகும். ஆறும், மறுபடி புண்ணாகும். இப்படியே இருபது, முப்பது, ஐம்பது வருடம்கூட. அத்தனை தடவை பழுது பார்க்கும்போது எங்கோ ஒரு அணுவின் மரபுக்கூற்றில் பிழை விழுந்து, பிழைமேல் பிழை சேர்கிறது.

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள். ஒன்று நுரையீரலோடு ஒட்டியது, இன்னொன்று விலாவின் உட்புறம் ஒட்டியது. நடுவே இரண்டு மூன்று தேக்கரண்டி அளவு நீர். ஈரமான இரண்டு நெகிழிப் பைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவது மாதிரி, மூச்சு விடும்போதெல்லாம் இவை வழுக்கும். மீசோதெலியோமா என்பது பெரும்பாலும் இந்த உறையில் வரும் புற்றுநோய். சில பேருக்கு வயிற்றின் உள்ளுறையிலும், மிக அரிதாக இதயத்தின் உறையிலும் வரும். நுரையீரல் புற்றுநோய் வேறு, இது வேறு. இது கட்டியாகத் திரளாமல் பாலாடை படிவது மாதிரி உறை முழுவதும் பரவித் தடிக்கும். அதனால்தான் கத்தி வைத்து எடுப்பது பெரும்பாடு. பாலாடையை விரலால் எடுக்கலாம், ஓரத்தில் ஒட்டியதை என்ன செய்வது?

டாக்டர் படம் போட்டுத்தான் இவ்வளவையும் விளக்கினார். அதில் எனக்கு மொழிபெயர்க்க வராமல் நின்ற சொல் ஒன்றே ஒன்று, 'எக்ஸ்போஷர்'. அத்தைக்கு எப்படிச் சொல்வது? கடைசியில், "அந்தத் தூசி உங்க மேல பட்டிருக்கு அத்தை" என்றேன். அவருக்கு உடனே புரிந்தது. காற்றுப் பட்டது, கண் பட்டது என்பதைப் போல.

"கண்ணு பட்டா சுத்திப் போடலாம்" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவில்லை.

*

சொந்தக்காரர்கள் வெற்றிலையைப் பிடித்துக்கொண்டார்கள். அத்தை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு வெற்றிலை போடுவார், புகையிலை இல்லாமல். அதுதான் நுரையீரலில் இறங்கிவிட்டதாம். இன்னொருவர் மாமா பிடித்த சிகரெட்டின் புகை என்றார். டாக்டரிடம் இதையும் கேட்டேன். புகைக்கும் மீசோதெலியோமாவுக்கும் தொடர்பு இல்லை என்றார். கல்நார் வேலையும் சிகரெட்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு எகிறும், அது உண்மை. ஆனால் அது வேறு நோய். இதைப் போனில் ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தேன். "இருந்தாலும்..." என்று இழுத்தார்கள். நோயாளியின் வாயில்தான் குற்றம் இருக்க வேண்டும் என்பதில் நமக்கு என்னவோ ஒரு திருப்தி.

எனக்கு ஆறாதது தேதிகள்தான். இரவில் தூக்கம் வராமல் படித்ததில் சேர்ந்தவை.

1924இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் கல்நார் ஆலையில் நூல் நூற்ற நெல்லி கெர்ஷா 33 வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலில் நார்கள் இருந்ததை வில்லியம் குக் என்ற மருத்துவர் அதே ஆண்டு எழுதினார். 1931இல் பிரிட்டன் கல்நார் ஆலைகளின் தூசிக்கு விதிமுறை கொண்டுவந்தது. ஆலைகளுக்குத்தான், கப்பலுக்குள் குழாய் சுற்றியவர்களைப் பற்றி அப்போது பெரிதாக யாரும் கவலைப்படவில்லை. 1960இல் தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்டோபர் வாக்னரும் கூட்டாளிகளும் 33 மீசோதெலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள், பெரும்பாலோர் நீலக் கல்நார் சுரங்கப் பகுதியோடு தொடர்புடையவர்கள். அந்த 33 பேரில் சுரங்கத்தில் வேலையே பார்க்காதவர்களும் இருந்தார்கள், சுரங்கத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள்.

அப்புறம் 1965. லண்டனில் முரியல் நியூஹவுஸ், ஹில்டா தாம்சன் என்ற இரண்டு பெண்கள். ஒரு மருத்துவமனையின் பழைய பதிவுகளிலிருந்து 76 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் எங்கே வேலை பார்த்தார்கள், எங்கே குடியிருந்தார்கள், வீட்டில் வேறு யார் என்ன வேலைக்குப் போனார்கள் என்று குடும்பங்களைத் தேடிப்போய்க் கேட்டார்கள். ஒன்பது பேர் கல்நார் பக்கமே போகாதவர்கள். வீட்டில் ஒருவர் போயிருந்தார். பெரும்பாலும் கணவரின் வேலைத்துணியைத் துவைத்த மனைவிகள்.

அத்தைக்குக் கல்யாணம் ஆனது 1968இல். அவர் முதல் பாய்லர் சூட்டை உதறியது 1969இல். நாலு வருடத்துக்கு முன்பே அச்சாகியிருந்தது. அந்தக் கட்டுரையை அத்தை படித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவருக்குத் தமிழ் முரசு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். சட்டையைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லி, அங்கேயே துவைக்க ஏற்பாடு செய்து, குளித்துவிட்டு வீட்டுக்குப் போ என்று சொல்ல எத்தனை பேர் படித்திருந்தால் போதும் என்றுதான் யோசிக்கிறேன்.

சிங்கப்பூரில் கட்டடங்களில் கல்நார் பயன்படுத்துவது 1980களின் இறுதியில் நின்றது. பிரிட்டனில் வெள்ளைக் கல்நாருக்குத் தடை வர 1999 ஆனது. அங்கே இன்றும் ஆண்டுக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் இதில் இறக்கிறார்கள். தடை போட்ட மறுநாள் நோய் நிற்காது, பழைய தூசி கணக்கைத் தீர்த்துக்கொண்டுதான் இருக்கும்.

*

வைத்தியத்தைப் பற்றி அத்தை கேட்டது ஒரே கேள்வி. மருந்து ஏற்றினால் எத்தனை மாதம் கூடக் கிடைக்கும்?

டாக்டர் மழுப்பவில்லை. அப்போது வழக்கத்தில் இருந்தது பெமெட்ரெக்செட் என்ற மருந்தோடு பிளாட்டினம் வகை மருந்து ஒன்று. 2003இல் வெளிவந்த பெரிய ஆய்வில் பிளாட்டினம் மருந்து மட்டும் எடுத்தவர்களின் சராசரி ஆயுள் ஒன்பது மாதத்துக்குச் சற்று அதிகம், இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களுக்குப் பன்னிரண்டு மாதம். ஏறக்குறைய மூன்று மாத வித்தியாசம்.

"அதுக்குள்ள பங்குனி உத்திரம் வந்துருமா?"

வந்துவிடும் என்றேன். அப்படியானால் ஏற்றச் சொல் என்றார்.

நாலு தடவை ஏற்றினார்கள். வயதைப் பார்த்து சிஸ்பிளாட்டினுக்குப் பதில் கார்போபிளாட்டின். கூடவே தினமும் ஃபோலிக் அமில மாத்திரை, அவ்வப்போது பி12 ஊசி. அந்த மருந்தோடு இவை கட்டாயம், இல்லாவிட்டால் ரத்த அணுக்கள் தாங்காது. முடி பெரிதாகக் கொட்டவில்லை. வாய் மட்டும் கசந்துபோனது, ரசத்தைக்கூடத் தள்ளிவைத்தார். 2019 பங்குனி உத்திரத்துக்கு ஈசூன் கோயிலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து காவடி பார்த்தார். மாமா காவடி எடுத்த வருடங்களை விரல் விட்டு எண்ணினார்.

நீர் சேர்வது நிற்கவே இல்லை. அடிக்கடி ஊசி குத்த வேண்டாம் என்று விலாவில் மெல்லிய குழாய் ஒன்றை நிரந்தரமாகப் பொருத்தி, வீட்டிலேயே வடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒன்றுவிட்டு ஒருநாள் அந்த வேலை எனக்கும் அத்தை மகனுக்கும். அத்தான் கத்தரிக்கோலைக் கண்டாலே வியர்ப்பவர், அதனால் பெரும்பாலும் எனக்கு. அடுக்களை மேசைமேல் சுத்தமான துணி விரித்து, கையுறை போட்டு, மூடியைத் திறந்து, காற்று நீக்கிய பாட்டிலை மாட்டினால் நீர் தானே இழுபடும். ஐந்நூறு மில்லிக்குக் கிட்ட வரும்போது அத்தை லேசாக இருமுவார். நுரையீரல் விரிவதன் அடையாளம் அது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். இருமல் கேட்டால் நிறுத்திவிடுவேன். "இன்னிக்கு எவ்வளவு?" என்பார். காலண்டரில் எழுதி வைப்போம். பால்காரன் கணக்கு மாதிரி.

அந்த மேசையில்தான் அவர் மாமாவின் வேலையைப் பற்றி நிறையப் பேசினார். முகத்துக்கு என்ன கட்டுவார் என்று கேட்டேன். கைக்குட்டை என்றார். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு கிரேக்கக் கப்பல், பாய்லர் சூடு ஆறுவதற்கு முன்பே இறக்கிவிட்டார்களாம், இரட்டைச் சம்பளம். அந்தக் காசில் வாங்கியதுதான் கழுத்துச் சங்கிலி என்று தொட்டுக் காட்டினார். மாமாமேல் கோபமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே ஒரு நாள் சொன்னார். "நல்லவேளை, அவரு முன்னாடியே போயிட்டாரு. தன் சட்டையாலதான்னு தெரிஞ்சா அந்த மனுஷன் தாங்கியிருக்க மாட்டாரு." மாமா 2004இல் மாரடைப்பில் போனார். அவர் நுரையீரலை யாரும் திறந்து பார்க்கவில்லை.

ஏன் அவருக்கு வராமல் இவருக்கு வந்தது என்று கேட்டதற்கு டாக்டரிடம் தெளிவான பதில் இல்லை. அளவு முக்கியம், நாரின் வகை முக்கியம், பிறப்பிலேயே வரும் மரபணு மாற்றங்கள் சிலவும் உண்டு. பிஏபி1 என்ற மரபணுவில் கோளாறு உள்ள குடும்பங்களில் இது அதிகம். துருக்கியில் கப்படோக்கியா பக்கம் காராயின் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே வீடு கட்டிய கல்லிலேயே எரியோனைட் என்ற நார்க் கனிமம், அது கல்நார் வகைகூட இல்லை. ஊரில் சாவுகளில் பாதிக்குக் கிட்ட மீசோதெலியோமாவால்.

தாழ்வாரத்தில் தூசி பிடிக்கக் குதித்த எங்களைப் பற்றியும் கேட்டேன், கேட்காமல் இருப்பேனா? அறிகுறி இல்லாதவர்களுக்கு இதை முன்கூட்டிக் காட்டும் நம்பகமான பரிசோதனை எதுவும் கிடையாது என்றார். அந்தத் தூசி பட்டவர்களிலும் பெரும்பாலோருக்கு இது வருவதில்லை. காரணமில்லாமல் மூச்சு வாங்கினாலோ நெஞ்சில் நீர் கோத்தாலோ டாக்டரிடம் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள், அவ்வளவுதான் என்றார். தம்பி அதை எழுதி பர்சுக்குள் வைத்திருக்கிறான்.

இழப்பீட்டைப் பற்றி அத்தான் விசாரித்தார். சிங்கப்பூரில் மீசோதெலியோமா, வேலையால் வரும் நோய்களின் சட்டப் பட்டியலில் இருக்கிறது. முதலாளியும் மருத்துவரும் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும், ஊழியருக்கு வேலைக்காயச் சட்டத்தின்கீழ் இழப்பீடு உண்டு. ஊழியருக்கு. அத்தை ஊழியர் இல்லையே. மருத்துவச் செலவுக்கு மெடிஷீல்டு லைஃப் காப்பீடும் மெடிசேவ் சேமிப்பும் கைகொடுத்தன, அதை மறுக்கவில்லை. ஆனால் பிரிட்டனில் 2008லிருந்து அரசாங்கமே கொடுக்கும் ஒரு தொகை உண்டு. யாரெல்லாம் கேட்கலாம் என்ற விளக்கத்தில், உறவினர் ஒருவரின் துணியைத் துவைத்ததால் கல்நார் பட்டவர்கள் என்று உதாரணமே போட்டிருக்கிறார்கள். அந்த வரியை அத்தைக்கு மொழிபெயர்த்துக் காட்டினேன். "துணி தொவைச்சதுக்கா? காசா?" என்று சிரித்தார். அன்றைக்கு அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

*

2020 பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் அத்தை வீட்டிலேயே போனார். வலி இல்லாமல் இருக்க மார்ஃபின் சொட்டு, தினமும் வந்து பார்த்த நர்ஸ், சுற்றிலும் நாங்கள். அந்த வருடம் அக்டோபரில் அமெரிக்காவில் நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு நோயெதிர்ப்பு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க அனுமதி கிடைத்தது. ஆய்வில் சராசரி ஆயுள் பதினான்கு மாதத்திலிருந்து பதினெட்டு மாதமாகக் கூடியது. அத்தை கேட்டிருந்தால் அதற்குள் எந்தத் திருவிழா வரும் என்றுதான் கணக்குப் போட்டிருப்பார்.

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டுக் கொட்டகைக்கெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான். இந்தியாவில் வெள்ளைக் கல்நார் இறக்குமதி இன்னும் நடக்கிறது. ஷீட்டில் நார் சிமென்டுக்குள் கட்டுண்டு கிடக்கும், சும்மா கிடந்தால் பெரிய ஆபத்து இல்லை. அறுக்கும்போதும் துளை போடும்போதும் உடைக்கும்போதும்தான். சின்ன மாமாவுக்குப் போன் போட்டு, அறுக்க வேண்டியிருந்தால் நன்றாக நனைத்துவிட்டு அறுக்கச் சொல், உடைந்த துண்டைப் பிள்ளைகள் விளையாட விடாதே என்றேன். "ஓலையும் கிடைக்கல, ஓடும் கட்டுப்படியாகல. நீ சிங்கப்பூர்ல உக்காந்துட்டுச் சொல்லு" என்றார். நியாயம்தான்.

இங்கே 2014 மே மாதம் முதல் விதி கறாராகிவிட்டது. பழைய கட்டடத்தை இடிப்பதற்கு முன்னால் கல்நார் இருக்கிறதா என்று தகுதியுள்ளவர் ஆய்வு செய்ய வேண்டும், இருந்தால் அங்கீகாரம் பெற்றவர்கள்தான் எடுக்க வேண்டும். ஒரு ஞாயிறு தேக்காவில் கோப்பிக் கடையில் பக்கத்தில் உட்கார்ந்த அறந்தாங்கித் தம்பி இடிப்பு வேலை செய்கிறவர். "அத எடுக்கத் தனி ஆளுங்க வருவாங்கக்கா. வெள்ளை டிரஸ், மூஞ்சி ஃபுல்லா மாஸ்க். பிளாஸ்டிக் கட்டி மறைச்சிருவாங்க, எங்களக் கிட்டயே விட மாட்டாங்க" என்றார். உங்கள் சட்டையை யார் துவைக்கிறார்கள் என்று கேட்டேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "நானேதான்" என்றார்.

கருமாதி முடிந்து ஒரு மாதம் கழித்து அத்தையின் அலமாரியைப் பிரித்தோம். சேலைகளை எல்லாம் எடுத்த பிறகு அடியில் ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் மாமாவின் வேட்டி, காவடி எடுத்தபோது கட்டிய மஞ்சள் துண்டு. அதற்கும் கீழே, நாலாக மடித்து, மேலே பழைய தமிழ் முரசு தாள் சுற்றி, ஒரு நீல பாய்லர் சூட். துவைத்து, இஸ்திரி போட்டு வைத்தது. காலரில் மாமாவின் எண் இன்னும் தெரிந்தது.

அத்தானின் மகள் எடுக்கப் போனாள். நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். பிள்ளை பயந்து கையை இழுத்துக்கொண்டாள்.

அத்தானுக்கு அதை வைத்துக்கொள்ள ஆசை. அப்பாவுடைய வேலையின் ஞாபகமாக அந்த வீட்டில் வேறு எதுவும் இல்லை. ஒரு மணி நேரம் பேசினோம். எத்தனை தடவை துவைத்ததோ, ஒன்றுமே இருக்காது என்றார் ஒருவர். ஒன்றுமே இல்லை என்று அத்தையும்தான் நினைத்தார் என்றேன் நான், கொஞ்சம் கடுமையாக. அத்தான் அப்புறம் பேசவில்லை. அவரே போய்ச் செடிக்குத் தண்ணீர் அடிக்கும் பாட்டிலை எடுத்து வந்தார். முகக்கவசம் அந்த மார்ச் மாதத்தில் எல்லார் வீட்டிலும் இருந்தது. சட்டையை மடிப்புக் கலையாமல் நன்றாக நனைத்தோம். நனைந்ததும் நீலம் கறுத்து, புதுத்துணி மாதிரி ஆனது. தாளோடு சேர்த்து ஒரு கனமான பையில் போட்டு வாய் கட்டி, அதை இன்னொரு பைக்குள் போட்டோம். நச்சுக் கழிவு எடுக்க உரிமம் உள்ள நிறுவனம் ஒன்றில் இருந்து மறுநாள் ஆள் வருவதாகச் சொன்னார்கள்.

பையைத் தூக்கி வாசலில் வைக்கும்போது என் கையில் ஏதோ தட்டுப்பட்டது. சட்டைப் பைக்குள், இடது பக்கம், சின்னதாக, கெட்டியாக. சாவியாக இருக்கலாம். சில்லறையாக இருக்கலாம். அத்தானிடம் சொன்னேன். அவரும் பைக்கு மேலேயே விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மோதிரமோ?" என்றார்.

திறக்கவில்லை.